செடிக்கு நாடி பார்த்தல்

வீட்டில் ஒருவருக்குத் தலைவலி என்றால் அண்டை அயலாரில் இரண்டொருவர்தான் மருந்து சொல்லுகிறார்கள். கொல்லையில் கறிவேப்பிலைச் செடி மஞ்சளித்துவிட்டாலோ, தெரு முழுவதுமே வைத்தியர்களாகிவிடுகிறது. ஒருவர் காப்பிச் சக்கையைப் போடச் சொல்லுவார். இன்னொருவர் முட்டை ஓட்டைப் பொடித்துத் தூவச் சொல்லுவார். மூன்றாமவர் கடையிலிருந்து ஒரு சீசா நஞ்சை வாங்கி அடிக்கச் சொல்லுவார். செடியோ, தனக்கு இன்ன இடத்தில் நோவு என்று வாய் திறந்து சொல்லுவதில்லை. ஆகவே மூன்று சிகிச்சைகளையும் ஒரே வாரத்தில் அனுபவித்துவிட்டு, அடுத்த மாதம் விறகாகிவிடுகிறது.

செடி போனால் போகட்டும், இன்னொன்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தச் சீசா சமாசாரம் அவ்வளவு லேசானதல்ல. கறிவேப்பிலையும் கீரையும் பச்சை மிளகாயும் செடியிலிருந்து நேரே தாளிக்கும் கரண்டிக்கு வருகிறவை. காலையில் அடித்த மருந்து மத்தியானம் ரஸத்தில் மிதக்கக் கூடாதல்லவா? அதனால்தான் மருந்தைத் தேடுமுன் நோயைத் தேட வேண்டும் என்கிறோம்.

முதலில் பார்க்க வேண்டியது இலையை அல்ல, மண்ணை. தொட்டிச் செடிகளில் தாகத்தால் மாளுவதைக் காட்டிலும் அன்பால் மாளுவது அதிகம். வேருக்கு ஜலம் எவ்வளவு அவசியமோ, காற்றும் அவ்வளவு அவசியம். மண் எந்நேரமும் சொதசொதவென்றிருந்தால் வேர் மூச்சு முட்டி அழுகுகிறது. அழுகிய வேர் தண்ணீரை உறிஞ்சாது. எனவே ஈர மண்ணில் நிற்கும்போதே செடி வாடுகிறது. வீட்டு அம்மாள் பார்க்கிறாள், "ஐயோ, வாடிவிட்டதே!" என்று இன்னும் ஒரு சொம்பு ஊற்றுகிறாள். விஷயம் அத்துடன் முடிந்துவிடுகிறது.

விரலை இரண்டு அங்குல ஆழம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். தொட்டியின் அடித் துவாரம் அடைத்திருக்கிறதா, கீழே வைத்த தட்டில் ஜலம் தேங்கி நிற்கிறதா என்பதையும் கவனியுங்கள். நல்ல வேர் வெண்மையாகவும் உறுதியாகவும் இருக்கும். கெட்ட வேர் பழுப்பாகிக் குழைந்து நாறும். கெட்டதைக் கத்தரித்துவிட்டு, செம்மண்ணும் மணலும் மக்கிய எருவும் சமமாய்க் கலந்த புது மண்ணில் நட்டு, நிழலில் சில தினங்கள் வைத்தால் பல செடிகள் பிழைத்துக்கொள்ளும். அச்சமயம் உரம் போடலாகாது. ஜுரத்திலிருந்து எழுந்தவனுக்குக் கல்யாண விருந்து பரிமாறுவார் உண்டோ?

மண்ணில் குற்றமில்லை என்று தெரிந்த பிறகு இலைக்கு வருவோம். மஞ்சள் எங்கே தொடங்கியது என்பதே இங்கே முக்கியமான கேள்வி. அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் முதலில் வெளுத்தால், பெரும்பாலும் தழைச்சத்துக் குறைவு. செடியின் குடும்ப தர்மம் அப்படி: வரவு குறைந்தால் கிழவர்களின் பங்கை எடுத்துக் குழந்தைகளுக்குக் கொடுத்துவிடும். தழைச்சத்து செடிக்குள் இடம் விட்டு இடம் பெயரக்கூடியதால் இது சாத்தியமாகிறது. மக்கிய சாணி எருவோ மண்புழு உரமோ இரண்டு கைப்பிடி வைத்தால் புதுத் துளிர் பச்சையாய் வரும்.

இதற்கு மாறாக, நுனிக் கொழுந்து வெளுத்து, நரம்பு மட்டும் பச்சைக் கோலம் போட்டாற்போல் நின்றால், அது இரும்புச்சத்துக் குறைவு. இரும்பு அப்படி இடம் பெயராது. பழைய இலையிலுள்ளது பழைய இலைக்கே. மண்ணில் இரும்பு இல்லாமலிருப்பது அபூர்வம். சுண்ணாம்பும் உப்பும் மிகுந்த ஆழ்குழாய்க் கிணற்று நீரை ஊற்றி ஊற்றி மண் காரமாகிவிட்டால், இருக்கிற இரும்பை வேர் எடுக்க முடிவதில்லை. மல்லிகைக்கு இந்தக் குறை அடிக்கடி வரும். ஒரு லிட்டர் தண்ணீரில் ஐந்து கிராம் அன்னபேதி உப்பைக் கரைத்து, மாதம் ஒரு முறை, பச்சை திரும்பும்வரை இலைமீது தெளிக்கலாம். மழை ஜலத்தைப் பிடித்து வைத்து ஊற்றுவது இன்னும் நல்லது.

இனி, இலையைத் திருப்புங்கள். பூச்சிகளில் முக்கால்வாசி அடிப்பக்கத்து வாசிகள். செம்பருத்திக் கொம்பில் பஞ்சு ஒட்டினாற்போல் வெள்ளையாய்த் தெரிகிறதே, அது மாவுப்பூச்சி. அது சாற்றை உறிஞ்சித் தித்திப்பான கழிவை வெளிவிடும். அந்தத் தித்திப்புக்காக எறும்புகள் வந்து, அதை மாடு மேய்ப்பதுபோல் மேய்த்து, எதிரிகளை விரட்டிக் காவல் காக்கும். எனவே செடியில் எறும்பு வரிசையாய் ஏறினால், மேலே யாரோ குடியேறியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

மாவுப்பூச்சி விஷயத்தில் நம் நாடே ஒரு பாடம் கற்றது. 2008-ஆம் வருஷத்தில் கோயம்புத்தூர்ப் பக்கத்தில் பப்பாளி மாவுப்பூச்சி கண்டுபிடிக்கப்பட்டது. மெக்ஸிகோ, மத்திய அமெரிக்கா தேசங்களைச் சேர்ந்த இந்தப் பூச்சி, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி ஆகியவற்றோடு வீட்டுச் செம்பருத்தியையும் விடவில்லை. மேலே மெழுகுக் கவசம் இருந்தபடியால் அடித்த மருந்து வழிந்து ஓடிற்று. கடைசியில் 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகைச் சின்னஞ்சிறு குளவிகளைத் தருவித்தார்கள். அவை மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடுபவை. பெங்களூரிலும் கோயம்புத்தூரிலும் அவற்றைப் பெருக்கி விட்டபோது, நஞ்சால் ஆகாத காரியத்தை எறும்பைவிடச் சிறிய பிராணி செய்து முடித்தது. கண்டபடி மருந்தடிக்கிறவர் இந்த நண்பர்களையும் சேர்த்தே கொல்லுகிறார்.

வீட்டுச் செடிக்கு இவ்வளவு ஏற்பாடு வேண்டாம். குழாய்த் தண்ணீரை வேகமாய்ப் பீச்சினாலே பாதிப் பூச்சி உதிர்ந்துவிடும். பிறகு வேப்பெண்ணெய். ஒரு லிட்டர் தண்ணீரில் முதலில் சிறிது சோப்பைக் கரைத்துக்கொண்டு, பிறகு ஒரு சிறு கரண்டி, அதாவது ஐந்து மில்லி எண்ணெயைச் சேர்த்துக் கலக்க வேண்டும். சோப்பில்லாவிட்டால் எண்ணெய் மேலே மிதந்து, ஒரு கிளை பொசுங்கும். மற்றொன்றுக்கு வெறும் தண்ணீர் கிடைக்கும். சாயங்காலத்தில்தான் தெளிக்க வேண்டும். அதன்பின் சில நாள் கழித்து, நன்றாய்க் கழுவியே இலையைச் சமையலுக்கு எடுக்க வேண்டும்.

வேப்பெண்ணெய் என்றதும் ஒரு வேடிக்கை நினைவுக்கு வருகிறது. அதைக் கொண்டு பூஞ்சாளத்தை ஒழிக்கும் முறைக்கு அமெரிக்கக் கம்பெனி ஒன்றுக்கும் அந்நாட்டு விவசாய இலாகாவுக்கும் ஐரோப்பியப் பேடண்ட் ஆபீஸ் 1994-ல் உரிமை வழங்கியது. நம் பாட்டிமார் அரிசி மூட்டையில் வேப்பிலை போட்டபோது யாரிடமும் உரிமைச் சீட்டு வாங்கவில்லை! வந்தனா சிவா முதலியோர் வழக்காடி, 2000-ல் உரிமை ரத்தாயிற்று. 2005-ல் மேல் முறையீடும் தள்ளுபடியாயிற்று.

மிளகாய்ச் செடியின் இலை சுருண்டால், எந்தப் பக்கம் என்று பாருங்கள். மேல்நோக்கிப் படகுபோல் சுருண்டால் இலைப்பேன். கீழ்நோக்கிக் கவிழ்ந்தால் சிலந்திப்பேன். முன்னதற்கு வேப்பெண்ணெய் போதும். பின்னதற்கு நனையும் கந்தகம் லிட்டருக்கு இரண்டு கிராம் கேட்கும். ஆனால் எண்ணெய் தெளித்து இரண்டு வாரம் ஆகுமுன் கந்தகம் தெளித்தால் செடி கருகிவிடும்.

மருந்தே இல்லாத நோயும் உண்டு. வெண்டைச் செடியின் இலை நரம்பெல்லாம் மஞ்சள் வலையாகிக் காயும் வெளிறிவிட்டால், அது வெள்ளை ஈ கொண்டுவரும் வைரஸ் நோய். மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு அச்செடியைப் பிடுங்கி எறிவதே மற்ற வெண்டைகளுக்குச் செய்யும் உபகாரம். அடுத்த முறை அர்க்கா அநாமிகா போன்ற, இந்நோயைத் தாங்குவதற்கென்றே உண்டாக்கிய ரக விதையை வாங்கலாம்.

கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் பறவை எச்சம்போல் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். நாலைந்து நாளில் அது பச்சைப் புழுவாகிக் கொழுந்தையெல்லாம் மொட்டையடிக்கும். இதற்கு மருந்தே வேண்டாம், கையால் பொறுக்கிவிடலாம். ஆனால் அது அழகான பெரிய வண்ணத்துப் பூச்சியின் குழந்தை. எல்லாவற்றையும் பொறுக்குவதா, ஒரு கிளையை அதற்கென்று விட்டுக்கொடுப்பதா என்பதை வீட்டுக் குழந்தைகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.