வழியில் தொலையும் பொதிகள்

முன்னுரை

ஒரு கிளையில் பதியும் சீட்டு அடுத்த நொடியே தலைமை அலுவலகக் கணக்கில் ஏறும் காலம் இது. கிளைகளை இணைக்கும் வலைப்பின்னலே நிறுவனத்தின் நரம்பு மண்டலம் என்றால் மிகையாகாது. இணைப்பு அடியோடு அறுந்தால் பழுது எல்லார் கண்ணிலும் பட்டுவிடும். விட்டு விட்டு நேரும் பழுதுதான் பெருஞ்சோதனை. பார்க்க வரும்போது அது இராது. கணிப்பொறி அறிவியல் மாணவனாகிய நான் வகுப்பில் கற்றதையும், விடுமுறைப் பயிற்சியில் நேரில் கண்டதையும் கொண்டு, அப்பழுதை ஆராயும் முறையை இங்கு விளக்க முற்படுகிறேன்.

பொதியும் இழப்பும்

வலைப்பின்னலில் செய்தி ஒரே கோவையாகச் செல்வதில்லை. பாக்கெட் எனப்படும் சிறுசிறு பொதிகளாகப் பிரிந்து செல்கிறது. ஈதர்நெட்டில் ஒரு பொதி வழக்கமாக 1500 பைட்டுக்கு மேற்படாது. வழியிலுள்ள ரூட்டரில் வரிசை நிரம்பிவிட்டால், பின்னர் வரும் பொதி கைவிடப்படும். தொலைந்ததை மீண்டும் அனுப்பும் பொறுப்பு டி.சி.பி. என்னும் நெறிமுறையைச் சேர்ந்தது. ஆதலால் பயனாளர் இழப்பைக் காண்பதில்லை, தாமதத்தையே காண்கிறார்.

இழப்பு என்ன செய்யும் என்பதை வரலாறு காட்டியுள்ளது. 1986 அக்டோபரில் அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துக்கும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்கும் இடையே, ஏறத்தாழ 400 கஜத் தொலைவில், விநாடிக்கு 32,000 பிட்டாக இருந்த வேகம் 40 பிட்டாக வீழ்ந்தது. இதனை ஆராய்ந்த வான் ஜேக்கப்சன், இழப்பு கண்டால் வேகத்தைக் குறைக்குமாறு டி.சி.பி.யைத் திருத்தியமைத்து, 1988-இல் அம்முறையை வெளியிட்டார். நெரிசல் தீர்ந்தது. ஆனால் நெரிசலால் அன்றி வேறு பழுதால் பொதி தொலைந்தாலும் வேகம் குறைந்துவிடுகிறது. போய்வரும் நேரம் 40 மில்லி விநாடியாகவும் இழப்பு நூற்றுக்கு ஒன்றாகவும் இருந்தால், விநாடிக்கு 10 கோடி பிட் தாங்கும் இணைப்பிலும் பழைய முறை டி.சி.பி.யின் ஓர் உரையாடல் சுமார் 35 இலட்சம் பிட்டையே எட்டும்.

ஆராயும் முறை

முதலாவது, காலம். 1983-இல் மைக் மூஸ் எழுதிய பிங் என்னும் நிரல், ஒரு பொதியை அனுப்பி மறுமொழிக்குக் காத்திருக்கும். நான்கு முறை பிங் செய்து 'நலம்' என்று கூறுதல் தகாது. நாள் முழுதும் நொடிக்கொரு முறை அனுப்பி, இழப்பு நேர்ந்த மணியையும் குறித்துக்கொள்ள வேண்டும். சராசரி மறைப்பதை நேரக்குறிப்பு காட்டிவிடும்.

இரண்டாவது, இடம். கிளையின் ரூட்டர், அடுத்த கருவி, மறுமுனை எனப் படிப்படியாகச் சோதித்தல் வேண்டும். இடைவழி ரூட்டர் ஒன்றில் மட்டும் இழப்புத் தோன்றி, அதற்கு அப்பால் தோன்றாவிடில் அஞ்ச வேண்டியதில்லை. தனக்கு வரும் பிங்குக்கு விடையளிப்பதை அக்கருவி பின்தள்ளுகிறது, அவ்வளவே.

மூன்றாவது, அளவு. கிளைகளுக்கிடையே சுரங்கவழி அமைக்கும்போது மேலுறை சேர்வதால் உள்ளே இடம் குறையும். ஜி.ஆர்.இ. முறையில் 24 பைட் போக 1476 பைட்டே மிஞ்சும். சிறு பொதி சென்று பெரும்பொதி மட்டும் செல்லாவிடில் காரணம் பெரும்பாலும் இதுவே.

நான்காவது, கருவிகள் தாமே வைத்திருக்கும் பிழைக் கணக்கு. இதனைப் பலர் பார்ப்பதேயில்லை.

நான் கண்ட நிகழ்ச்சி

பயிற்சி பெற்ற நிறுவனத்தின் ஒரு கிளையில் முற்பகல் 11 மணிக்கு மேல் திரை அடிக்கடி உறைந்து நிற்கும். பதிவு ஏறவில்லையென எண்ணி எழுத்தர் மறுபடி பொத்தானை அழுத்த, ஒரே சீட்டு இருமுறை ஏறிவிடும். கணக்கு ஒத்துவரவில்லை. கவனக்குறைவு எனக் கருதி அவரிடம் விளக்கம் கேட்டுக் கடிதமும் வந்துவிட்டது. இணைப்பு நலமாக உள்ளது என்பதற்கு இரவில் எடுத்த பிங் சோதனையைச் சான்றாகக் காட்டினர்.

எங்கள் மூத்த பொறியாளர் மேற்கூறிய முறையில் ஆராய்ந்தார். இழப்பு முற்பகலிலேயே குவிந்திருந்தது. இணைப்பில் பாதிகூடப் பயன்படாததால் நெரிசலும் காரணமன்று. பெரிய பொதி, சிறிய பொதி இரண்டுமே தொலைந்தன. கிளை ரூட்டர் வரை இழப்பில்லை. அதற்கடுத்த கருவியில் தொடங்கியது. ரூட்டரில் சி.ஆர்.சி. பிழைகளும், அடுத்த கருவியில் காலங்கடந்த மோதல்களும் ஏறிக்கொண்டிருந்தன.

காரணம் விளங்கிற்று. ஒரு முனை, ஒரே வேளையில் பேசவும் கேட்கவும் வல்ல முழு இருவழி முறையில் நிலைநிறுத்தப்பட்டிருந்தது. மறுமுனையோ தானே முடிவு செய்யுமாறு விடப்பட்டிருந்தது. எதிர்முனை தன் முறையை அறிவிக்காததால் அது அரை இருவழியைக் கொண்டது. போக்குவரத்து குறைவான இரவில் இரண்டும் ஒரே வேளையில் பேசுவது அரிது. முற்பகலிலோ அடிக்கடி பேசின, பொதிகள் சிதைந்தன. இரு முனைகளையும் ஒரே அமைப்பில் வைத்ததும் பிழைக் கணக்கு நின்றுவிட்டது.

அத்துடன் பொறியாளர் நிற்கவில்லை. இருமுறை ஏறிய சீட்டுகளின் நேரத்தையும் இழப்பின் நேரத்தையும் அருகருகே எழுதிக் காட்டினார். இரண்டும் ஒத்திருந்தன. கடிதம் திரும்பப் பெறப்பட்டது.

முடிவுரை

விட்டு விட்டு வரும் பழுதுக்கு எப்போது, எங்கே, எவ்வகைப் பொதிக்கு என்னும் மூன்று கேள்விகளே திறவுகோல். அவற்றுக்கு விடை காணாமல் கருவியை மாற்றுவது வீண் செலவு. மனிதரைக் குறை கூறுவதோ அநீதி. கணிப்பொறி பயிலும் நாம் அளந்து பார்த்தபின் பேசும் பழக்கத்தை இப்போதே கைக்கொள்வோமாக.