கண்புரை ஆபரேஷனும் இன்ஷூரன்ஸ் கணக்கும்

ஊரிலிருக்கும் பெற்றோரை வரவழைத்து, நாம் வசிக்கும் நகரத்திலேயே கண்புரை ஆபரேஷன் செய்துவிடும் குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். பக்கத்தில் இருந்து சொட்டு மருந்து போட்டுக் கவனித்துக்கொள்ளலாம். இன்ஷூரன்ஸ் இருக்கிறது என்ற தைரியமும் உண்டு. ஆனால் வீடு திரும்பும் நேரத்தில் கைப்பணமாக இருபதாயிரம் முப்பதாயிரம் கட்ட நேர்ந்தால், அதைப் பார்க்கும் பெரியவர்கள், "ஒரு கண் தெரிகிறதே, போதும்" என்று மறு கண்ணைத் தள்ளிப்போட்டுவிடுகிறார்கள். முன்கூட்டியே கணக்கைப் பார்த்துவிட்டால் இதைத் தவிர்க்கலாம்.

கண்புரைக்கு மருத்துவமனைகள் பெரும்பாலும் 'பேக்கேஜ்' கட்டணமாகவே சொல்கின்றன. டாக்டர் கட்டணம், தியேட்டர் செலவு, மருந்து, கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸ் எல்லாம் அதில் அடங்கும். தொகையை அதிகம் ஏற்றி இறக்குவது லென்ஸ்தான். 'மோனோஃபோகல்' லென்ஸ் பொதுவாகத் தூரப் பார்வைக்கு வைக்கப்படும். படிக்கக் கண்ணாடி வேண்டியிருக்கும். 'மல்டிஃபோகல்' கிட்டப் பார்வைக்கும் உதவும். 'டோரிக்' சிலிண்டர் பவர் உள்ளவர்களுக்கானது. இவ்விரண்டும் விலை கூடுதல். அந்தக் கூடுதல் தொகையைப் பல பாலிசிகள் ஏற்பதில்லை.

பாலிசியில் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது, காத்திருப்புக் காலம். புதிதாக எடுத்த பாலிசியில் கண்புரைக்குப் பொதுவாக 24 மாதம் பணம் கிடைக்காது. ஆகவே பார்வை மங்கிய பிறகு பாலிசி எடுப்பது அவசரத்துக்கு உதவாது. இரண்டாவது, உச்சவரம்பு. மூன்றாவது, நம் பங்காக நாம் ஏற்கவேண்டிய 'கோ-பேமென்ட்'.

ஓர் உதாரணம் பார்ப்போம். 2020-இல் எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவாக அறிமுகமான 'ஆரோக்ய சஞ்ஜீவனி' பாலிசியின் விதிப்படி, ஒரு பாலிசி ஆண்டில் ஒரு கண்ணுக்குக் கிடைப்பது காப்பீட்டுத் தொகையில் 25 சதவீதம் அல்லது ரூ. 40,000; இவற்றில் எது குறைவோ அது. கோ-பேமென்ட் 5 சதவீதம். மூன்று லட்ச ரூபாய் பாலிசியில் 25 சதவீதம் என்பது ரூ. 75,000, ஆனாலும் வரம்பு ரூ. 40,000 தான். அதில் 5 சதவீதம் கழித்தால் ரூ. 38,000. பில் ரூ. 60,000 என்றால் நாம் கட்டவேண்டியது ரூ. 22,000. ஒரு லட்ச ரூபாய் பாலிசியாக இருந்தால் கிடைப்பது ரூ. 23,750 மட்டுமே. இந்த வரம்பு ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனி என்பதால், இரண்டாவது கண்ணுக்கும் அதே அளவு கிடைக்கும். பெரியவர்களிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள். மற்ற பாலிசிகளில் விதி வேறாக இருக்கலாம், பார்த்துக்கொள்ளவும்.

'கேஷ்லெஸ்' வசதியில், ஆபரேஷனுக்கு முன்பே மருத்துவமனை இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு அனுமதி கேட்டு எழுதும். நோய்க் குறிப்பிலோ பரிசோதனை அறிக்கையிலோ ஏதேனும் விட்டுப்போனால், விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். பணம் வராமல் போய்விடுமோ என்பதால்தான் மருத்துவமனைகள் முன்பணம் கேட்கின்றன. 2024-இல் இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, முன் அனுமதிக் கோரிக்கைக்கு 1 மணி நேரத்திலும், டிஸ்சார்ஜ் கோரிக்கைக்கு 3 மணி நேரத்திலும் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும்.

கையிலிருந்து கட்டிவிட்டுப் பிறகு வாங்குவதானால், டிஸ்சார்ஜ் சுருக்கம், பணம் கட்டிய ரசீது, லென்ஸ் பவரும் எண்ணும் அச்சிட்ட ஸ்டிக்கர் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். ஸ்டிக்கர் இல்லாமல் லென்ஸுக்கான பணம் வாங்குவது கடினம். கண்புரைக்கு ஒரு நாள் முழுக்கப் படுக்கையில் இருக்க வேண்டியதில்லை. 'டே கேர்' சிகிச்சை என்ற வகையில் பாலிசி ஏற்கும்.

70 வயது நிறைந்தவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. 2024 அக்டோபர் முதல், வருமான வரம்பின்றி, ஆண்டுக்கு 5 லட்ச ரூபாய் வரை ஆயுஷ்மான் பாரத் திட்டம் உதவுகிறது. ஆதார் அட்டையுடன் பதிவு செய்யலாம். குறிப்பிட்ட மருத்துவமனை அதில் சேர்ந்திருக்கிறதா, அங்கே கண்புரைக்கு அதை ஏற்கிறார்களா என்று முதலில் விசாரியுங்கள்.

ஆபரேஷன் தேதி குறிப்பதற்கு முன், எந்த லென்ஸ், மொத்தம் எவ்வளவு, இன்ஷூரன்ஸ் எவ்வளவு தரும் என்பதை இரண்டு கண்களுக்கும் சேர்த்து எழுத்தில் வாங்கிவிடுங்கள். மீதித் தொகை எவ்வளவு என்று முதலிலேயே தெரிந்துவிட்டால் அதற்கேற்பப் பணம் சேர்க்கலாம். மறு கண்ணும் காத்திருக்க வேண்டியிராது.