பனீர் வடித்த தண்ணீரைக் கொட்டலாமா?

சகோதரிகளே, உங்களில் எத்தனை பேர் பனீர் வடித்த தண்ணீரை அப்படியே தொட்டி முற்றத்தில் கொட்டுகிறீர்கள்? நானும் அப்படித்தான் செய்தேன். வாங்கிக் கட்டிக்கொண்டேன்!

திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் வாடகை வீட்டில் இருக்கிறோம். தினமும் பத்து லிட்டர் எருமைப் பால் வாங்கிப் பனீர் போட்டு இரண்டு ஓட்டல்களுக்குக் கொடுக்கிறேன். லிட்டருக்குச் சுமார் 200 கிராம் பனீர் கிடைக்கும். மீதி ஏறக்குறைய எட்டு லிட்டர் தண்ணீர்தான். பையனின் பள்ளிக்கூடச் சம்பளம் இந்த வருமானத்தில்தான் கட்டுகிறேன்.

சித்திரை வெயில் ஆரம்பித்தது. ஒரு நாள் பக்கத்து வீட்டு அக்கா வாசலுக்கே வந்துவிட்டார்.

"ஏம்மா, காவாயில தினம் என்னத்த ஊத்துறே? நாத்தம் குடலைப் புரட்டுது! மழை வந்தா இதெல்லாம் ஏரிக்குத்தானே போவும்? நாளைக்கும் இப்படின்னா வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடுவேன்."

எனக்குப் பகீரென்றது. வீட்டுக்காரர் "பனீர் வேலையே வேண்டாம்" என்று சொல்லிவிட்டால்?

உள்ளே வந்து புலம்பினேன். மாமியார் கேட்டார்: "நாலு மாடு வச்சிருந்தப்போ மோர்த் தெளிவைக் கூட நாங்க கொட்டினதில்லையே. பாலோட சத்துதானே அது?"

அந்தக் கேள்விக்குப் பிறகுதான் விவரம் தேடிப் படித்தேன்.

தண்ணீரில் என்ன இருக்கிறது?

பாலில் உள்ள சர்க்கரையான லாக்டோஸின் பெரும்பகுதி இந்தத் தண்ணீரில்தான் தங்குகிறது. லிட்டருக்குச் சுமார் 45 கிராம்! சுண்ணாம்புச் சத்தில் ஒரு பங்கும் இருக்கிறது. அந்த இளம் பச்சை நிறம் ரைபோஃப்ளேவின் என்ற பி வைட்டமினால் வருவது. சாக்கடையில் கிருமிகள் இந்தச் சர்க்கரையைத் தின்று பெருகுவதால்தான் நாற்றம். நீர்நிலையில் கலந்தால் தண்ணீரில் உள்ள பிராணவாயுவைத் தீர்த்து மீன்களைத் திணற வைக்கும்.

புரதம்? பாலைக் கொதிக்க வைத்துத் திரிப்பதால் பெரும்பகுதி பனீரோடேயே போய்விடுகிறது. தண்ணீரில் மிஞ்சுவது கொஞ்சம்தான். சீஸ் ஆலைகளில் அவ்வளவு சூடு காட்டாமல் உறைய வைப்பதால் அங்கே வடியும் தண்ணீரில் புரதம் அதிகம். அதை மிக நுண்ணிய சவ்வில் வடிகட்டிப் பொடியாக்குகிறார்கள். குழந்தை உணவிலும், உடற்பயிற்சி செய்பவர்கள் வாங்கும் புரதப் பொடியிலும் சேருவது அதுதான். நம் அமுல் கூட்டுறவும் இப்போது அந்தப் பொடியை விற்கிறது. லாக்டோஸைத் தனியே பிரித்து மாத்திரை செய்யப் பயன்படுத்துகிறார்கள். இத்தாலியில் இந்தத் தண்ணீரை மறுபடி சூடாக்கி 'ரிக்கோட்டா' எடுக்கிறார்கள். நார்வேயிலோ சுண்டக் காய்ச்சிப் பழுப்பு நிறக் கட்டியாக்கி ரொட்டியில் வைத்துச் சாப்பிடுகிறார்கள்!

என் அடுப்பங்கரையில்

* சப்பாத்தி மாவைத் தண்ணீருக்குப் பதில் இதில் பிசைகிறேன். மிருதுவாக வருகிறது.
* ரசம், சாம்பாரில் சேர்க்கலாம். ஆனால் பருப்பு வெந்த பிறகு! புளிப்பில் பருப்பு சீக்கிரம் வேகாது.
* ஆறிய ராகிக் கூழை இதில் கரைத்தால் மோர் ஊற்றியது போலவே இருக்கும்.
* இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை தட்டிப் போட்டு, உப்பும் பெருங்காயமும் சேர்த்தால் நல்ல வெயில் பானம்.
* ஒரு லிட்டரை ஒரு நாள் புளிக்க வைத்து மறுநாள் பாலைத் திரிக்க ஊற்றுகிறேன். எலுமிச்சம்பழச் செலவு மிச்சம். வங்காளத்தில் ரசகுல்லாவுக்குச் சேனா எடுப்பவர்கள் செய்யும் வேலைதான் இது.

குடிப்பதற்கென்றால் எலுமிச்சை அல்லது தயிர் விட்டுத் திரித்ததே ருசி. ஆறியதும் ஃபிரிஜ்ஜில் வைத்து இரண்டு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். தானாகக் கெட்டுத் திரிந்த பாலின் தண்ணீர் கூடவே கூடாது.

இளம் தாய்மார்களுக்கு

போன மாதம் நாத்தனார் வந்திருந்தாள். "சத்துன்னு சொல்றீங்களே அண்ணி" என்று ஐந்து மாதக் குழந்தைக்குப் பாலாடையில் எடுத்துவிட்டாள்! ஓடிப் போய்த் தடுத்தேன். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே. பச்சைத் தண்ணீர் கூட வேண்டாம் என்கிறார்கள் டாக்டர்கள். குழந்தை உணவில் சேரும் பொடி வேறு, நம் வீட்டுத் தண்ணீர் வேறு. பால் குடித்தால் வயிறு உப்பி, பேதியாகிறவர்களுக்கும் இது ஒத்துக்கொள்ளாது. சர்க்கரை வியாதி உள்ளவர்கள் அளவோடு குடிக்கட்டும்.

எட்டு லிட்டரும் எங்கள் வீட்டிலேயே செலவாகிவிடாது, உண்மைதான். தெருக்கோடியில் மாடு வைத்திருப்பவர் தவிட்டுத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்க ஒரு குடம் வாங்கிப் போகிறார். ஓட்டல்காரர் ஒருவர் சப்பாத்தி மாவுக்குக் கேட்டு வாங்குகிறார். காவாய்க்கு இப்போது ஒரு சொட்டும் போவதில்லை.

போன வாரம் அக்கா சொம்போடு வந்தார். "இஞ்சி போட்டு வச்சிருக்கியாமே, கொஞ்சம் குடேன்!"