களிமண் சுடுமண் ஆவது எப்படி?

காலாப்பட்டிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகத் தெற்கே வந்தால் புதுச்சேரி நகரம். அங்கிருந்து மேற்கே விழுப்புரம் சாலையில் சுமார் 10 கிலோமீட்டர் சென்றால் வில்லியனூர். சுடுமண் சிற்பங்களுக்குப் பெயர் பெற்ற ஊர் இது. 'வில்லியனூர் சுடுமண் வேலை' புவிசார் குறியீடு பெற்றிருக்கிறது. இவ்வூர்க் கலைஞர் வி.கே. முனுசாமி, தலைமுறை தலைமுறையாக மண் வேலை செய்துவரும் குடும்பத்தைச் சேர்ந்தவர். 2020-ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ விருதைப் பெற்றவர்.

இத்தகைய குடும்பங்களில் தாத்தாவிடமிருந்து தந்தைக்கும், தந்தையிடமிருந்து பிள்ளைகளுக்கும் என்ன போய்ச் சேருகிறது? சக்கரமும் சூளையும் மட்டும்தானா? இல்லை. மண்ணைப் பற்றிய அறிவும் சேருகிறது. அது ஏட்டில் எழுதியதல்ல. கையிலும் கண்ணிலும் இருப்பது. அதற்குப் பின்னால் உள்ள விஞ்ஞானத்தைப் பார்ப்போமா?

மணலை நனைத்துப் பானை வனைய முடியுமா? முடியாது. களிமண்ணால் மட்டும் எப்படி முடிகிறது? களிமண் துகள்கள் மிக நுண்ணியவை. ஒரு மில்லிமீட்டரை 500 பங்காக்கினால் ஒரு பங்கைவிடச் சிறியவை. அவை தட்டையான தகடுகள் போன்றவை. தகடுகளுக்கிடையே நீர் புகுந்ததும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்கின்றன. அதனால்தான் களிமண் நாம் வளைத்தபடி வளைகிறது.

காயும்போது அந்த நீர் வெளியேறுகிறது. தகடுகள் நெருங்குகின்றன; பானை சுருங்குகிறது. வெளிப்புறம் வேகமாகவும் உட்புறம் மெதுவாகவும் காய்ந்தால் விரிசல் விழும். ஆகவேதான் பச்சைப் பானையை நிழலில் உலர்த்துகிறார்கள். மண்ணில் சிறிது மணல் கலப்பதும் இதற்காகத்தான். மணல் சுருங்காது, நீராவி வெளியேறவும் வழிவிடும்.

அடுத்தது சூளை. இங்குதான் பெரிய ஆபத்து காத்திருக்கிறது. நீர் ஆவியாகும்போது அதன் பருமன் ஏறத்தாழ 1,700 மடங்கு பெருகும். ஈரம் மீந்திருக்கும் பானையைச் சட்டென்று சூடாக்கினால், உள்ளே அடைபட்ட ஆவி அதை வெடிக்கச் செய்துவிடும். பல நாள் உழைப்பு ஒரே நாளில் ஓட்டுக்குவியலாகிவிடும்! எனவே முதலில் இளந்தீ, பிறகே பெருந்தீ. பெரிய மண் குதிரைகளின் உடல் உள்ளீடற்று இருப்பதும் சுவர் சீராகக் காய்ந்து வேகத்தான்.

வெப்பம் 500 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டியதும், களிமண்ணோடு வேதியியல் முறையில் இணைந்திருந்த நீரும் பிரிந்துவிடுகிறது. இனி அது மறுபடி களிமண் ஆகாது. வெயிலில் காய்ந்த பானை தண்ணீரில் கரையும். சுட்ட பானை கரையாது. வில்லியனூரைத் தொட்டு ஓடும் சங்கராபரணி ஆற்றின் கிளைதான் அரியாங்குப்பம் ஆறு. அதன் கரையிலுள்ள அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழ்வாய்வு செய்தார். அங்கு கிடைத்த பானை ஓடுகள் ஏறத்தாழ 2,000 ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்தும் கரையவில்லை.

நாட்டுச் சூளையில் வெப்பமானி கிடையாது. பானை மங்கிய சிவப்பாக ஒளிர்ந்தால் சுமார் 650 டிகிரி. ஆரஞ்சு நிறமானால் சுமார் 900 டிகிரி. குயவரின் கண்ணே வெப்பமானி! காற்று தாராளமாகப் புகுந்தால் மண்ணிலுள்ள இரும்பு ஆக்சிஜனுடன் சேர்ந்து பானை சிவக்கும். காற்றை அடைத்துப் புகையவிட்டால் கறுக்கும்.

பிளாஸ்டிக்கும் அலுமினியமும் வந்தபின் மண்பாண்டம் வாங்குவோர் குறைந்துவிட்டனர். ஒரு தலைமுறை இத்தொழிலை விட்டால், அடுத்த தலைமுறை படித்துத் தெரிந்துகொள்ளப் புத்தகம் இல்லை.

நீங்களே ஒரு சோதனை செய்து பாருங்கள். களிமண்ணால் 12 செ.மீ. நீளமுள்ள பட்டை ஒன்று செய்யுங்கள். மூன்று பங்கு களிமண்ணும் ஒரு பங்கு மணலும் கலந்து அதேபோல் இன்னொன்று செய்யுங்கள். இரண்டிலும் ஈரமாக இருக்கும்போதே 10 செ.மீ. கோடு கீறுங்கள். ஒரு வாரம் நிழலில் உலர்த்திக் கோடுகளை அளந்து பாருங்கள். எத்தனை மில்லிமீட்டர் குறைந்ததோ, அதுவே சுருக்கத்தின் சதவீதம்.

உங்கள் ஊரில் மண்பாண்டம் செய்பவர் இருந்தால், இந்த அளவுகளுடன் அவரிடம் செல்லுங்கள். அவர் எவ்வளவு மணல் சேர்க்கிறார், ஏன் என்று கேட்டு எழுதி வையுங்கள். இதுவரை யாரும் எழுதி வைக்காத கணக்காக அது இருக்கக்கூடும்.