எஞ்சின் கொதித்தபின் என்ன பார்ப்பது?

தீபாவளி நெருங்கினால் ஜொகூர்த் தோட்டங்களிலிருந்து குடும்பத்தோடு காரில் தேக்காவுக்கு வருவோர் உண்டு. உறவினரைப் பார்க்க வேண்டும், சிராங்கூன் சாலை விளக்கு அலங்காரத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். இடையில் இருப்பது ஜொகூர் பாலம். 1924இல் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே அதிகம். நடந்தால் கால் மணி நேரம். பண்டிகைக் கூட்டத்தில் காருக்கோ மணிக்கணக்காகும். அங்கேதான் வெப்பமானியின் முள் மெல்ல மேலே ஏறும்.

அது ஏன்? பெட்ரோல் எரிந்து வரும் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே காரை ஓட்டுகிறது. மீதி வெறும் சூடு. அதில் ஒரு பகுதி புகைக்குழாய் வழியே போய்விடும். இன்னொரு பகுதியை நீர் சுமந்து சென்று ரேடியேட்டரில் காற்றிடம் கொடுக்க வேண்டும். ஓடும் காருக்குக் காற்று தானே கிடைக்கும். நிற்கும் காருக்கு விசிறி ஒன்றே கதி.

முள் சிவப்பைத் தொட்டால் குளிர்சாதனத்தை நிறுத்தி, ஓரங்கட்டி, எஞ்சினை அணையுங்கள். ரேடியேட்டர் மூடியில் மட்டும் கை வைக்காதீர்கள். அந்த மூடி ஏறத்தாழ 15 பவுண்டு அழுத்தத்தை உள்ளே பிடித்து வைத்திருக்கிறது. 100 டிகிரியில் கொதிக்க வேண்டிய நீர் அதனால்தான் 120 டிகிரி வரை கொதிக்காமல் நிற்கிறது. மூடியைத் திறந்த நொடியில் அது ஆவியாகி முகத்தில் சீறும். அரை மணி நேரமாவது பொறுத்திருந்து, மேல் ஹோஸ் குழாய் ஆறித் தளர்ந்தபின், தடித்த துணி போட்டு மெல்லத் திறக்கலாம். கொதிக்கும் எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் இரும்பு விரிசல் விடக்கூடும்.

இனி இரண்டு கேள்விகள். எப்போது சூடேறியது? நீர் எங்கே போனது?

பாலத்தில் ஏறிய முள், புக்கிட் தீமா விரைவுச்சாலையில் ஓடும்போது இறங்கி, தேக்கா சந்தை அருகே நெரிசலில் மறுபடி ஏறினால், முதலில் விசிறியைச் சந்தேகியுங்கள். எஞ்சின் ஆறியபின் ஓடவிட்டுக் குளிர்சாதனத்தைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் அப்போது விசிறி சுழல வேண்டும். அதே விசிறி குளிர்சாதனத்துக்குச் சுழன்று, எஞ்சின் சூட்டுக்குச் சுழலவில்லையென்றால் மோட்டார் நன்றாகத்தான் இருக்கிறது. சூட்டை உணரும் சுவிட்சைப் பார்க்க வேண்டும். எதற்கும் சுழலாவிட்டால் முதலில் ஃபியூஸைப் பாருங்கள். விசிறி திடீரென்று சுழலும், கையை விலக்கியே வைத்திருங்கள்.

இதற்கு மாறாக, வேகத்திலும் மேட்டிலும் சூடேறினால் நீரோட்டத்தில் தடை இருக்கலாம். ரேடியேட்டர் அடைத்திருக்கலாம், நீர் பம்ப் தேய்ந்திருக்கலாம். மேல் ஹோஸ் சுட்டுக் கீழ் ஹோஸ் குளிர்ந்திருந்தால் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை என்று எண்ண இடமுண்டு. மெழுகு உருகி விரிவதால் திறக்கும் சிறு கதவு அது. கழற்றி, சமையலுக்கு உதவாத பழைய சட்டியில் நீரில் தொங்கவிட்டுச் சூடாக்கினால் 80, 90 டிகிரிக்குள் திறக்க வேண்டும். ‘நம் ஊரில் குளிரா இருக்கிறது?’ என்று அதைக் கழற்றி வீசுவோர் பலர். அது தவறு. எஞ்சின் உரிய சூட்டை அடையாமல் எண்ணெயையும் பெட்ரோலையும் தின்னும்.

நீர் குறைந்திருந்தால்? இரவில் காரின் அடியில் அட்டை விரித்து வையுங்கள். குளிர்சாதனம் சொட்டுவது நிறமில்லாத வெறும் நீர். பச்சையோ இளஞ்சிவப்போ வழுவழுப்போ தெரிந்தால் ஒழுக்குதான். ஹோஸ் இணைப்பு, நீர் பம்பின் அடித்துளை, ரேடியேட்டர் ஓரம் ஆகியவற்றைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். மூடியின் ரப்பர் வளையமும் இறுகியிருக்கலாம். அதை மாற்றுவது சில வெள்ளியோடு போய்விடும்.

சொட்டே இல்லாமல் நாள்தோறும் நீர் குறைகிறதென்றால் எஞ்சினே அதைக் குடிக்கிறது. அஞ்ச வேண்டியது இதற்குத்தான். எண்ணெய் அளக்கும் கம்பியில் பால் கலந்த காப்பி நிறம், எஞ்சின் சூடான பிறகும் ஓயாத வெள்ளைப் புகை, ரேடியேட்டரில் விடாத குமிழி, குளிர்ந்த எஞ்சினை முடுக்கிய சிறிது நேரத்திலேயே ஹோஸ் கல்லாக இறுகுவது ஆகியவை ஹெட் கேஸ்கெட் போனதற்கு அடையாளம். பட்டறையில் ஒரு நீல மருந்தை வைத்துச் சோதிப்பார்கள்; எரிந்த வாயு பட்டால் அது மஞ்சளாகும். இந்த நிலையில் நீரை நிரப்பி நிரப்பி வீடு போய்ச் சேரலாம் என்று பாலமேறாதீர்கள். அலுமினியத் தலை கோணிவிட்டால் கேஸ்கெட் செலவு எஞ்சின் செலவாகிவிடும். இழுவை வண்டிக் கூலி அதைவிட மிகக் குறைவு.

பழுது நீங்கியதும் கிணற்று நீரை ஊற்ற வேண்டாம். அதிலுள்ள உப்பு ரேடியேட்டர் குழாய்களில் படியும். வடித்த நீரில் கூலண்ட் கலந்து ஊற்றுங்கள். பனி பெய்யாத ஊருக்கு அது எதற்கு என்பார்கள். துருவைத் தடுப்பதற்கும், கொதிநிலையை உயர்த்துவதற்கும். வடித்தெடுத்த பழைய கூலண்டை வாசலில் கொட்டாதீர்கள். அது தித்திக்கும் நஞ்சு; குழந்தைகளும் நாயும் நக்கிவிடக்கூடும்.