லீவு போட்டாச்சு… கேலண்டரிடம் சொன்னீர்களா?

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, மலை அடிவாரத்தில் இருக்கிறது செண்பகத்தோப்பு. சாம்பல் நிற அணில்களுக்காக 1988-ல் அறிவிக்கப்பட்ட சரணாலயப் பகுதி. 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்தைச் சேர்ந்த காடு. காட்டழகர் கோயிலுக்குப் போகிறவர்கள் இந்த வழியாகத்தான் மலை ஏறுவார்கள்.

முழங்கால் ஆபரேஷன் முடிந்து பல மாதங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்த என் அக்காவுக்கு, ஒருமுறை அங்கே போய்வர வேண்டும் என்று ஆசை. படி ஏற முடியாது. அடிவாரத்திலிருந்தே அழகரைக் கும்பிட்டுவிட்டு, ஓடையில் கால் நனைத்துவிட்டு வரலாம் என்று முடிவானது. ராஜபாளையத்தில் வீட்டிலிருந்தே ஐ.டி வேலை பார்க்கும் அக்கா மகள், வியாழக்கிழமை லீவு போட்டாள். புளியோதரை கட்டிக்கொண்டு காலையிலேயே கிளம்பிவிட்டோம்.

மலையை நெருங்க நெருங்க போனில் சிக்னல் போய்விட்டது. அக்காவின் முகத்தில் சிரிப்பைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று! மதியம் திரும்பும் வழியில் சிக்னல் வந்ததும் போன் ‘டிங் டிங்’ என்று அடிக்க ஆரம்பித்தது. பன்னிரண்டு மெசேஜ்கள், ஐந்து மிஸ்டு கால்கள்.

நடந்தது இதுதான். ஒவ்வொரு செவ்வாயும் நடக்கும் குழு மீட்டிங்கை, வாடிக்கையாளர் கேட்டதால் அந்த வாரம் மட்டும் வியாழன் காலை 11 மணிக்கு மாற்றியிருக்கிறார்கள். புதன் இரவு அறிவிப்பு போயிருக்கிறது. இவள் அதற்குள் லேப்டாப்பை மூடிவிட்டாள். இவள்தான் அன்று வேலையை விளக்கிக் காட்ட வேண்டியவள். எட்டுப் பேர் இருபது நிமிடம் காத்திருந்துவிட்டுக் கலைந்திருக்கிறார்கள்.

“நான் லீவு போட்டிருந்தேன்ல சித்தி? அப்ரூவும் பண்ணிட்டாங்களே!” என்று அவள் கண் கலங்கினாள். அதைவிட எனக்கு வலித்தது அக்கா சொன்னதுதான்: “எல்லாம் என்னாலதானே? இனிமே உன்னை எங்கயும் கூப்பிட மாட்டேம்மா.”

தவறு யார் மேல்? மீட்டிங்கை மாற்றியவர், எல்லோருடைய கேலண்டரையும் திறந்து பார்த்துத்தான் மாற்றியிருக்கிறார். வியாழன் 11 மணிக்கு இவளுடைய கட்டம் காலியாக இருந்தது. லீவு பதிவாகியிருந்தது வேறு சாஃப்ட்வேரில். இரண்டுக்கும் அந்த ஆபீஸில் தொடர்பே கிடையாது!

பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தால், காலி நாற்காலியைப் பார்த்ததுமே லீவு என்று தெரிந்துவிடும். 2020 ஊரடங்குக்குப் பிறகு ஊர் திரும்பி, வீட்டிலிருந்தே வேலை செய்கிற பிள்ளைகள் நம் ஊர்களில் நிறைய பேர். தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் ஸோஹோ மாதிரியான நிறுவனமே அலுவலகம் நடத்துகிறது. ஒரே குழுவில் ஒருவர் ராஜபாளையம், ஒருவர் சென்னை, ஒருவர் அமெரிக்கா. அங்கே நம் நாற்காலி, கேலண்டர்தான்.

கூகுள் கேலண்டரோ, அவுட்லுக்கோ, டீம்ஸோ, ஸோஹோவோ, அடிப்படை ஒன்றுதான். கேலண்டர் அழைப்புகளுக்கான ‘ஐகேலண்டர்’ என்ற பொது வடிவம் 1998-லேயே வந்துவிட்டது. அதனால்தான் ஒன்றில் அனுப்பிய அழைப்பு இன்னொன்றிலும் திறக்கிறது. மூல அழைப்பு, கூட்டத்தைக் கூட்டியவரிடம் இருக்கும். நம்மிடம் இருப்பது அதன் நகல். அவர் நேரத்தை மாற்றினால் நம்முடையதும் மாறும். நம் பதில்தான் அவருக்குத் தெரியும். நம் மனசில் இருப்பது தெரியாது.

நீங்களும், உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் கவனிக்க வேண்டியவை இவை:

லீவை இரண்டு இடத்திலும் போடுங்கள்: விண்ணப்பித்த கையோடு கேலண்டரிலும் ‘அவுட் ஆஃப் ஆபீஸ்’ என்று அந்த நாளை அடைத்துவிடுங்கள். கூகுளின் ஆபீஸ் கணக்குகளில், அந்த நேரத்துக்கு வரும் அழைப்புகளைத் தானாகவே மறுக்கும் வசதியும் உண்டு.

எல்லா அழைப்புக்கும் பதில் சொல்லுங்கள்: கல்யாணத்துக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று தெரிந்தால்தானே இலைக்கணக்குப் போட முடியும்? வருகிறேன், வரவில்லை, வரலாம் என்று ஏதாவது ஒன்றைத் தட்டுங்கள். முடியாவிட்டால் ஒரு வரி காரணமும் எழுதலாம்.

வாராந்திர மீட்டிங்கில் கவனம்: முதல் நாள் ‘அக்செப்ட்’ கொடுத்தால் எல்லா வாரமும் வருவதாகவே கணக்கு. ஒரு வாரம் முடியாது என்றால், அந்த ஒரு நாளை மட்டும் மறுங்கள். அவசரத்தில் மொத்தத் தொடரையும் மறுத்துவிடாதீர்கள்.

குழுவுக்கு அனுப்பினாலே போதாது: டீம்ஸில் சேனலில் மீட்டிங் போட்டால், அது எல்லோருடைய கேலண்டரிலும் தானாக ஏறிவிடும் என்று நம்ப வேண்டாம். கட்டாயம் வரவேண்டியவர்களைப் பெயர் பெயராகச் சேருங்கள். கடைசி நேரத்தில் மாற்றினால், முக்கியமானவரிடம் போனில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

அமெரிக்க நேரம்: அங்கே மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் கடிகாரத்தை மாற்றுவார்கள். நியூயார்க் காலை 9 மணி என்று அங்கிருப்பவர் போட்ட மீட்டிங், கோடையில் நமக்கு மாலை 6.30, நவம்பருக்குப் பிறகு 7.30. அந்த வாரங்களில் நேரத்தை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அக்கா மகள் மறுநாளே தன் மேலாளரிடம் பேசினாள். லீவு எடுப்பவர் கேலண்டரை அடைத்துவிட வேண்டும். முதல் நாள் மாலைக்குப் பிறகு மாற்றினால் போனில் சொல்ல வேண்டும் என்று குழுவே சேர்ந்து முடிவெடுத்தது.

அடுத்த மாதம் மறுபடியும் செண்பகத்தோப்பு போனோம். அதே இடத்தில் சிக்னல் போனது. “ஆபீஸ்ல தேட மாட்டாங்களா?” என்று அக்கா பயந்துகொண்டே கேட்டாள்.

“சொல்லிட்டுத்தான் வந்திருக்கேம்மா. நீ கால நனை” என்றாள் மகள்.