திரும்பியவர்களும் குடியேற்றப்பட்டவர்களும்

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது, மன்னாருக்குத் தெற்கே வில்பத்துக் காட்டின் அருகிலுள்ள மறிச்சுக்கட்டியை விட்டுப் புத்தளம் சென்று, ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அங்கே அகதிகளாய்க் காலம் கழித்து, 2009இல் யுத்தம் ஓய்ந்தபின் வந்து சேர்ந்த மக்களைக் குறிக்க, ஆங்கில அறிக்கைகளில் ‘ரிட்டர்ன்’, ‘ரீசெட்டில்’ என்னும் இரண்டு வினைச்சொற்கள் ஒன்றற்கு ஒன்று பதிலாக வழங்குகின்றன. அவற்றை ஒரே அர்த்தமுடையனவாகக் கொள்வது பெரும் பிழை.

மனிதரைப் பற்றி வருமிடத்து ‘ரிட்டர்ன்’ பெரும்பாலும் தன்வினை. வருகிறவரே அதற்குக் கர்த்தா. அவர் விட்டுப்போன ஸ்தலம் ஒன்று உண்டென்பதும் அச்சொல்லுக்குள்ளேயே அடங்கிக் கிடக்கிறது. ‘ரீசெட்டில்’ என்பதோ உத்தியோக நடையில் பெரிதும் செயப்பாட்டுவினையாகவே பிரயோகமாகிறது: யாரோ குடியேற்ற, மக்கள் குடியேற்றப்படுகிறார்கள். உள்நாட்டில் இடம்பெயர்ந்தோருக்கென ஐக்கிய நாடுகள் 1998இல் வெளியிட்ட வழிகாட்டிக் கோட்பாடுகளில் 28ஆவது, சொந்த இருப்பிடத்துக்கு வருவதற்கு முன்னைய சொல்லையும், நாட்டின் வேறொரு பகுதியில் வாழத் தொடங்குவதற்குப் பின்னைய சொல்லையும் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறது.

நம் அரசாங்கம் வழங்கும் ‘மீள்குடியேற்றம்’ என்ற சொல்லோ, ‘ஏறு’ என்பதிலிருந்தும் பிறக்கும், ‘ஏற்று’ என்பதிலிருந்தும் பிறக்கும்; ஆதலால் ஏறியவர் யார், ஏற்றியவர் யார் என்பதை அது சொல்லுவதில்லை. ‘மீள்’ என்ற முன்னொட்டு ஒன்றே திரும்புதலைக் காப்பாற்றி நிற்கிறது. 2012இல் மறிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பகுதிக் காடு வர்த்தமானி மூலம் ஒதுக்கக் காடாக்கப்பட்டு, பின்னர் இம்மக்கள் காடழித்துக் குடியேறுகிறார்கள் என்ற வில்பத்து விவகாரம் நாடெங்கும் எழுந்தபோது, அந்த முன்னொட்டும் பலர் வாயில் உதிர்ந்து, வெறும் ‘குடியேற்றம்’ மிஞ்சியது. அரசு வெளியாரைக் கொண்டுவந்து குடியமர்த்திய கல்லோயாத் திட்டத்தை அறிந்த இலங்கையர் காதில் அச்சொல் எவ்வாறு ஒலிக்கும் என்பதை விளக்கவேண்டுவதில்லை. மறிச்சுக்கட்டியோ, ஆங்கிலேய உத்தியோகத்தர் லெனாட் வூல்ஃப் 1906இல் கடமை பார்த்த முத்துக்குளிப்பின் ஏடுகளிலேயே பெயர் பதிந்த ஊர்! காட்டின் எல்லை குறித்து நியாயமான வழக்கு இருக்கலாம். அதற்காக, வந்தவரைப் புதியவராக்கும் சொல்லை ஏற்க என் மனம் ஒருப்படவில்லை.

இருபது ஆண்டுப் பற்றையை வெட்டித் தள்ளி, தூர்ந்த கிணற்றின் கட்டைக் கண்டு, பழைய கயிறு அறுத்த தழும்பை விரலால் தடவிப் பார்க்கிற முதியவரிடம் கேட்டால், மீள்குடியேறினோம் என்று அவர் சொல்லமாட்டார். ‘ஊருக்கு வந்திட்டம்’ என்பார்.